விழுந்த கரப்பான் எழுந்து போவது ஏன்?

கேள்வி: ஐயா, தோட்டத்துச் சந்தியில் ஒட்டுக்கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக ஒரே ஸ்பிரேதான். முன்பு அடித்தவுடன் கரப்பான் செத்துவிடும். இப்போது மல்லாந்து விழுந்து காலை உதறுகிறது. விடிந்து பெருக்க வந்தால் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. பக்கத்துக் கடைக்காரர், "டின்னில் பிபிஓ இருக்கான்னு பாருங்க, இருந்தா எழுந்திரிக்காது" என்கிறார். அது என்ன விஷம்? தனியாக வாங்கிக் கலக்கலாமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, ஸ்பிரேயில் சேர்க்கிற அளவுக்கு பிபிஓ, அதாவது பைபரோனில் பியூட்டாக்சைடு, தனியாக ஒரு கரப்பானையும் கொல்லாது. கொல்வது கூட இருக்கிற மருந்துதான். சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் என்று டின்னில் போட்டிருப்பார்களே, அந்தப் பைரித்ராய்டு வகை. அது நரம்பைத் தாக்குவதால் பூச்சி உடனே விழுகிறது. ஆனால் விழுந்து கிடக்கும்போதே அதன் உடம்பிலுள்ள பி450 என்ற நொதிகள் மருந்தை உடைக்க ஆரம்பித்துவிடும். உடைத்து முடித்தால் எழுந்து நடக்க வேண்டியதுதான். பிபிஓ அந்த நொதிகளைப் பிடித்துக்கொள்கிறது. மருந்து அதே அளவுதான், உடையாமல் நிற்கிறது.

நான் ஈப்போவில் பூச்சி ஒழிப்பு வேலையில் இருபது வருடம் இருந்தவன். ஒருமுறை ஒரு சாப்பாட்டுக்கடையில் மருந்தடித்துவிட்டு, விழுந்ததில் பத்தைப் பொறுக்கி ஜாம் போத்தலில் போட்டு, ஈரப் பஞ்சும் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். (மனைவி திட்டியதை எழுத இடமில்லை.) காலையில் ஆறு நடந்துகொண்டிருந்தன. அன்றிலிருந்து விழுந்ததை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, மறுநாள் எண்ணுவேன்.

ஆய்வுக்கூடத்தில் இதையே துப்பறியப் பயன்படுத்துகிறார்கள். பிபிஓ கொடுத்த பிறகு குறைந்த மருந்திலேயே கரப்பான் சாகிறதா? அப்படியானால் அதைக் காப்பாற்றி வந்தது பி450. டிஇஎஃப் என்று இன்னொன்று. பருத்திச் செடியின் இலை உதிர்க்க அடித்த மருந்து அது. மருந்தை உடைக்கிற எஸ்டரேஸ் என்ற வேறு நொதியை அது முடக்கும். 1990களில் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தார் மலேசியத் தீபகற்பத்தில் பிடித்த ஜெர்மன் கரப்பான்களில் இந்தச் சோதனையைச் செய்தார்கள்.

இரண்டும் கைகொடுக்காத கரப்பானும் உண்டு. மருந்து போய் ஒட்டுகிற இடம் நரம்பிலுள்ள சோடியம் வாசல். அந்த வாசலே மாறிப்போயிருந்தால் நொதியை அடக்கி மட்டும் காரியம் ஆகாது. பழைய பூச்சிமருந்தான டிடிடியும் அதே வாசலைத்தான் தாக்கியது. அதனால் டிடிடிக்குப் பழகிய பூச்சி, பார்த்தே இராத பைரித்ராய்டையும் தாங்கிவிடலாம்.

கலக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். சமைக்கிற இடம் அது. தவிர, குளோர்பைரிபாஸ் போன்ற சில மருந்துகள் பூச்சிக்குள் போய், இதே பி450 மாற்றிய பிறகுதான் கடும் விஷமாகின்றன. அதோடு பிபிஓ சேர்த்தால் மருந்தின் வேகம் குறையக்கூடும்.

உங்கள் கடையில் இருப்பது தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு போட்ட சின்னக் கரப்பானாகத்தான் இருக்கும். பிபிஓ உள்ள டின் சில மாதம் உதவும், அவ்வளவுதான். நானாக இருந்தால் ஃபிப்ரோனில் ஜெல் (கரப்பான் தின்று சாகிற விஷத் தீனி) வாங்கி, ஐஸ்பெட்டி மோட்டார் பக்கம், கதவுக் கீல், கேஸ் அடுப்பின் கீழ் அரிசி அளவு பொட்டுப் பொட்டாக வைப்பேன். அந்தப் பக்கம் ஸ்பிரே அடிக்காதீர்கள், அடித்தால் தீனியைக் கரப்பான் தொடாது. பெட்டைக் கரப்பான் முப்பது நாற்பது முட்டையுள்ள பையைப் பொரியும் சமயம் வரை சுமந்து திரியும். அதனால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி வையுங்கள். மொத்தக்கடையிலிருந்து வரும் அட்டைப்பெட்டிகளை வெளியிலேயே பிரித்துவிடுங்கள்.

கேள்வி: நல்லெண்ணெய் சேர்த்தால் பூச்சி மருந்து வேகமாக வேலை செய்யும் என்று தாத்தா சொல்வார். உண்மையா?
- வாசகர், தஞ்சோங் மாலிம்

பதில்: தாத்தா கெட்டிக்காரர். பைரித்ரம் பூ மருந்தோடு நல்லெண்ணெய் சேர்ந்தால் வீரியம் கூடுகிறது என்று 1940இல் அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கினார்கள். எண்ணெயிலுள்ள செசமின் செய்கிற வேலை அது. பிபிஓவும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் இன்றைய டின் மருந்தில் எண்ணெயை ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும். தோசைக்கு ஊற்றுங்கள்.