கட்டுத்தரைப் பூனை கைக்கு வருமா?

*இம்மாதக் கடிதங்களில் பூனைக் கேள்விகளை மட்டும் தனியே எடுத்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.*

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பும் நாலு கறவை மாடும் இருக்கின்றன. கட்டுத்தரைக்குப் பின்னால் வைக்கோல் போரில் ஐந்து பூனைகள், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போனவை. தினமும் தயிர்ச்சோறு வைக்கிறேன். நான் நகர்ந்த பிறகு தட்டு காலியாகிறது, என்னைக் கண்டால் ஓட்டம்தான். மூன்று மாதமாயிற்று. "காட்டுப்பூனை கிட்ட வராது, விடு கண்ணு" என்கிறார் என் மாமியார். வழியே இல்லையா?
– வாசகி, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்

உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. குட்டியில் மனிதக் கை படாமல் வளர்ந்த பூனை மடியில் வந்து படுப்பது அபூர்வம். ஆனால் உங்கள் காலடியில் நின்று தின்னவும், நோய் கண்டால் தானே கூண்டுக்குள் நுழையவும் அதைப் பழக்கிவிடலாம். தோட்டத்துக்கு அது போதும்.

ஐந்தும் ஒரே ரகமா என்று முதலில் பாருங்கள். பகலிலேயே வெளியே வந்து, உங்களைப் பார்த்துக் கத்தி, வாலை நட்டமாகத் தூக்கினால் அது ஒரு காலத்தில் வீட்டில் இருந்த பூனை; சில வாரத்தில் திரும்பிவிடும். சத்தமே இல்லாமல், வயிறு தரையில் உரசப் பதுங்கி, இருட்டிய பிறகு மட்டும் வருவதுதான் அசல் காட்டுத்தனம். எளிதான பூனையிலிருந்து தொடங்குங்கள். மற்றவை போருக்குள் இருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

தயிர்ச்சோற்றை நிறுத்துங்கள். பூனை முழுக்க மாமிசம் தின்னும் உயிர். டாரின் என்ற சத்து அதற்கு மாமிசத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் நாளடைவில் கண்ணின் விழித்திரையும் இதயத் தசையும் கெடும். மத்தியைத் தண்ணீரில் வேகவைத்து, முள் நீக்கி, உப்பில்லாமல் கொடுக்கலாம். பச்சை மத்தியில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் உண்டு, அதனால் வேகவைத்தே ஆக வேண்டும். மீனே தினமும் வேண்டாம். கோழிக் கழுத்துக்கறி, ஈரல், குடல் என்று மாற்றிக் கொடுங்கள். மிஞ்சிய மீன் குழம்பைக் கொட்டாதீர்கள், அதிலுள்ள சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மூன்றரைக் கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குக் கடைத் தீவனமானால் 50 முதல் 60 கிராம், வேகவைத்த மாமிசமானால் 150 முதல் 200 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. கறந்த பால் இரண்டு ஸ்பூன் என்றால் பாதகமில்லை. கிண்ணம் நிறைய ஊற்றினால், பால் குடி மறந்த வயிற்றுக்குச் செரிக்காமல் கழிச்சல்தான்.

இனி நேரம். மாலைக் கறவை முடிந்து கேனை எடுத்து வைக்கும் நேரம் நல்ல நேரம், ஏனென்றால் அந்தச் சத்தம் அவற்றுக்கு ஏற்கெனவே பழக்கம். ஒரே ஆள், ஒரே இடம், தினமும் அதே தட்டுகள். கரண்டியால் தட்டில் மூன்று முறை தட்டிவிட்டு வையுங்கள், அதுதான் அழைப்பு. "இஸ், இஸ்" என்று கூப்பிட வேண்டாம். ஒரு பூனை இன்னொன்றை மிரட்டும் சத்தமும் அதுதானே. ஐந்துக்கும் ஐந்து தட்டு, மூன்றடி இடைவெளி. கூச்சமுள்ளதன் தட்டைப் போருக்கு மறைவில் வையுங்கள், இல்லாவிட்டால் கடுவன் எல்லாவற்றையும் காலி செய்துவிடும். எறும்புக்குத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய அகலத் தாம்பாளத்துக்குள் வையுங்கள். 20 நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் இரவில் மரநாயும் தெருநாயும் வரும். நாய் வந்த இடத்துக்குப் பூனை பல நாள் திரும்பாது.

முதல் வாரம் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். இரண்டாம் வாரம், அவை தலை தூக்காமல் தின்னும் தூரத்தில், அநேகமாக 20 அடி தள்ளி, முக்காலி போட்டுப் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். நேருக்கு நேர் பார்க்கக்கூடாது. மூன்று நாளைக்கு ஒரு அடி வீதம் முன்னால் வாருங்கள். தின்பதை நிறுத்திக் காதைப் பக்கவாட்டில் மடக்கினால், மறுநாள் மூன்றடி பின்னால் போய் உட்காருங்கள். கண்ணில் கண் பட்டுவிட்டால் இமையை மெல்ல மூடித் திறந்து முகத்தைத் திருப்புங்கள். இங்கிலாந்தில் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி இமைத்த அந்நியரை நோக்கிப் பூனைகள் கூடுதலாக வந்தன.

வாலை நட்டமாகத் தூக்கி, நுனியைக் கொக்கி போல் வளைத்துக்கொண்டு வரும் நாள்தான் கையை நீட்டும் நாள். உள்ளங்கையை அல்ல, ஒற்றை விரலை, அதன் மூக்கு உயரத்தில் நீட்டி அசையாமல் வையுங்கள். அது வந்து கன்னத்தை உரசினால் கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் மூன்று விநாடி தடவிவிட்டு நீங்களே நிறுத்துங்கள். முதுகும் வாலடியும் பிறகு, வயிறு ஒருபோதும் வேண்டாம். இந்தக் கட்டத்தில்தான் பலர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முதல் உரசல் கிடைத்த சந்தோஷத்தில் தூக்கிவிடுவார்கள். ஒரு மாத உழைப்பு அன்றே போச்சு.

தேங்காய் வெட்டு நாளில் ஆட்கள், ஏணி, குலை விழும் சத்தம் என்று தோப்பே அதிரும். அன்று ஒன்றும் வராது, இரண்டு நாள்கூட வராமல் இருக்கலாம். தேடிப் போகாதீர்கள். அதே நேரத்தில் தட்டை வைத்துக்கொண்டே இருங்கள், வந்துவிடும். நீங்கள் கட்டிக் கழித்த பழைய துணி ஒன்றைத் தட்டுக்கு அடியில் போட்டு வைப்பது நல்லது. உங்கள் வாடையும் சாப்பாட்டு வாடையும் சேரும். பூனை படுக்கும் வைக்கோலை ஒரேயடியாக மாற்றாமல் பாதி பாதியாக மாற்றுங்கள். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும்போது, படுக்கைப் பெட்டியின் வாசல் மேற்குப் பார்த்து இருக்கட்டும்.

வீட்டில் இருந்த பூனைக்கு மூன்று வாரம், அசல் காட்டுத்தனத்துக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். ஒன்றிரண்டு கடைசிவரை ஆறடி தள்ளியே தின்னும். அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

வைக்கோல் போருக்குள் நாலு குட்டிகள். எப்போது எடுத்தால் பழகும்?
– வேலந்தாவளம்

பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைதான் பூனைக்கு மனிதர் மனதில் பதியும் காலம். ஆனால் ஐந்தாம் வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்தால் பிழைப்பதே பாடு. ஆகவே ஐந்து, ஆறு வாரத்தில் எடுங்கள். ஏழு முதல் 14 நாளுக்குள் கண் திறக்கும். மூன்று வாரத்தில் காது நிமிரும். கோரைப்பல் தெரிந்து, தட்டில் வாய் வைத்தால் ஐந்து வாரத்தை நெருங்குகிறது என்று கொள்ளலாம். அதுவரை குட்டிகளைக் கிளறாமல், தாய்க்கு இரண்டு மடங்கு சாப்பாடு வையுங்கள். தாய் கண்ணில் படவில்லை என்று உடனே தூக்கவும் வேண்டாம், வேட்டைக்குப் போயிருக்கும்.

எடுத்த குட்டிகளைத் தனி அறையில் பூட்டாதீர்கள். நாலுக்கு மூன்றடிக் கூண்டை, மிக்ஸியும் டிவியும் பேச்சும் கேட்கும் சமையலறைத் திண்ணையில் வையுங்கள். உள்ளே ஒளிய ஒரு அட்டைப்பெட்டி, சலித்த மணல் தட்டு. முதல் இரண்டு நாள் தொட வேண்டாம். மூன்றாம் நாளிலிருந்து நீள்காம்புக் கரண்டியில் மசித்த கோழிக்கறி. அது கரண்டியை நக்கும்போது காம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகப் பிடித்து வாருங்கள். கடைசியில் விரலில். நீங்கள் அருகில் இருக்கும்போது மட்டுமே கறி, அதுதான் சூட்சுமம். பிறகு துண்டில் சுற்றி மடியில் 15 நிமிடம், நாளைக்கு மூன்று நாலு தடவை. நாலும் ஒன்றாக இருந்தால் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்து சீறிக்கொண்டே இருக்கும். மிக முரண்டு பிடிப்பதைச் சில நாள் பிரித்து வையுங்கள்.

ஆறு வாரக் குட்டி இரண்டு வாரத்தில் மாறிவிடும். மூன்று மாதக் குட்டிக்கு ஒரு மாதத்துக்கு மேலாகும். நாலு மாதம் தாண்டியதைக் கருத்தடை செய்து தோட்டத்திலேயே விடுவது மேல்.

எட்டு வாரத்தில் முதல் முத்தடுப்பு ஊசி, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலை தொங்கக் குடிக்காமல் உட்கார்ந்து, வாந்தி எடுக்கும் குட்டியை அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வெள்ளணுக் குறைவு வைரஸாக இருந்தால் விடியும்வரைகூடத் தாங்காது. அந்தக் கிருமி இடத்தில் ஒரு வருடம்வரை இருக்கும், ஊசி போடாத புதுக் குட்டியை அங்கே விடாதீர்கள்.

கருத்தடைக்குப் பிடிக்க முடியவில்லை. சாக்கில் போட்டால் கிழித்துக்கொண்டு போகிறது. என்ன செய்வது?
– மீனாட்சிபுரம்

சாக்கு, வலை, கையுறை எதுவும் வேண்டாம். மிதித்தால் கதவு விழும் பூனைக்கூண்டு வாங்குங்கள் அல்லது இரவல் கேளுங்கள். நீளம் 30 அங்குலமாவது இருக்க வேண்டும், குறைந்தால் கதவு வாலில் விழும். அதைச் சாப்பாட்டு இடத்திலேயே வைத்து, கதவைக் கம்பியால் தூக்கிக் கட்டிவிடுங்கள். தரையில் செய்தித்தாள் விரியுங்கள், கம்பி காலில் குத்தினால் நுழையாது. முதல் நாள் வாசலில் தட்டு. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உள்ளே. ஆறேழு நாளில் கடைக்கோடியில் போய்த் தின்னும்.

அறுவைக்கு முந்தின மாலை சாப்பாடு கிடையாது. மறுநாள் காலை கம்பியை அவிழ்த்து, ஒரு துண்டு மத்தி மட்டும் வையுங்கள். கதவு விழுந்ததும் ஓடிப்போய்க் கூண்டை முழுக்கத் துணியால் மூடுங்கள். இருட்டானதும் மோதுவது நின்றுவிடும். மூடத் தாமதித்தால் மூக்கைக் கம்பியில் இடித்து ரத்தமாக்கிக்கொள்ளும். கூண்டை வைத்துவிட்டு வெயிலில் மறந்து போகவும் கூடாது.

மருத்துவரிடம் "இது கைக்கு வராத பூனை" என்று முன்பே சொல்லிவிடுங்கள். தானே கரையும் தையல், அதே மயக்கத்தில் வெறிநோய் ஊசி, பூச்சி மருந்து, அடையாளத்துக்குக் காது நுனி வெட்டு எல்லாம் ஒரே தடவையில் முடிய வேண்டும், மறுபடி பிடிக்க முடியாது. உள்ளூரில் வசதியில்லை என்றால் திருச்சூர் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் முன்கூட்டிப் பேசிக்கொண்டு போகலாம். கடுவனை ஒரு இரவும், பெட்டையை இரண்டு இரவும் கூண்டிலேயே வைத்து, பிடித்த இடத்திலேயே விடுங்கள். தள்ளிப்போடாதீர்கள்: பூனைச் சினை 63 முதல் 65 நாள்தான், பால் கொடுக்கும்போதே மறுபடி பருவத்துக்கு வந்துவிடும்.

மாட்டு உண்ணி மருந்தையே பூனைக்கும் தெளிக்கலாமா?
– கோபாலபுரம்

கூடவே கூடாது. மாட்டுக்கும் நாய்க்கும் தெளிக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் வகைகளைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. நடுக்கம், வலிப்பு, சாவு. மாட்டுக்குத் தெளித்த நாளில் உடம்பு காயும்வரை பூனை கட்டுத்தரைக்குள் வராமல் பாருங்கள், ஈரமான மாட்டை உரசிவிட்டுத் தன் ரோமத்தை நக்கினாலே போதும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அரை மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும்.

கொப்பரைக் கிட்டங்கியில் எலி மருந்து வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். புரோமடியோலோன் தின்ற எலி சில நாள் தள்ளாடித் திரிந்துதான் சாகும், அதற்குள் பூனை பிடித்துவிடும். ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் மருந்து உறையோடு மருத்துவரிடம் ஓடுங்கள், வைட்டமின் கே1 மாற்று மருந்து. இன்னொரு எலி மருந்தான துத்தநாக பாஸ்பைடுக்கு அப்படி மாற்று மருந்து இல்லை.

பழக்கும்போது கடித்துவிட்டது. சின்னப் பல் தடம்தான். மஞ்சள் வைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், பொள்ளாச்சி

மஞ்சளைக் கழுவிவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். பிறகு இன்றே அரசு மருத்துவமனைக்கு. பூனைக்கடியிலும் வெறிநோய் வரும், வந்தபின் மருந்தில்லை. ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் போட வேண்டியிருக்கும், கேட்டு வாங்குங்கள். அட்டையில் எழுதும் நாட்களில் ஒன்றையும் விடாதீர்கள். பூனையைப் பத்து நாள் கண்காணியுங்கள், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். பூனைப் பல் ஊசி போல ஆழமாக இறங்கும். 24 மணி நேரத்துக்குள் வீங்கிச் சிவந்தால் கிருமி ஏறியிருக்கிறது, அதையும் காட்டுங்கள்.

மாந்தோப்புக் கொட்டகைக்கு ஊரிலிருந்து பூனை கொண்டுவந்து விட்டோம், அன்றிரவே காணோம். இரண்டு தடவை இப்படி ஆயிற்று. சோறு போட்டால் எலி பிடிக்காது என்கிறார்களே, அதுவும் உண்மையா?
– சித்தூர் (ஆந்திரச் சித்தூர்தான், முதல் கடிதத்தின் சித்தூர் அல்ல!)

இறக்கிய அன்றே திறந்துவிட்டால் பூனை பழைய வீட்டைத் தேடித்தான் ஓடும். மூன்று வாரம் கொட்டகைக்குள்ளேயே அடைத்து வையுங்கள். மேலே ஏறி உட்கார ஒரு பரண், ஒளியப் பெட்டி, மணல் தட்டு, அது படுத்திருந்த பழைய துணி, தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு. திறந்துவிடும் நாளில் மாலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, பசியோடு இருக்கும்போது கதவைத் திறந்து, வழக்கமான நேரத்தில் தட்டைத் தட்டுங்கள். ஒன்றை மட்டும் தனியாக விடாமல், சேர்ந்து வளர்ந்த இரண்டைக் கொண்டுவந்தால் நிலைப்பது அதிகம்.

சோற்று விஷயம் தவறு. பசியும் வேட்டைக் குணமும் பூனைக்கு வேறு வேறு; வயிறு நிறைந்த பூனையும் எலியைத் துரத்தும். பட்டினி போட்டால் அது பக்கத்துத் தோப்புக்குப் போய்விடும், எலி உங்களிடம் இருக்கும்.