மாமியாரின் அறையில் குடில்

கேள்வி: நாங்கள் பரம்பரையாகக் கத்தோலிக்கர்கள். கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கியதும் சாப்பாட்டு மேசையில் வளையம் வைத்து, வாரம் ஒரு மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் புலால் உண்பதில்லை. ஆனாலும் சில ஆண்டுகளாக என் மனத்தில் எந்த அசைவும் இல்லை. இந்த ஆண்டு எங்கள் பங்கு ஆலயத்தில் நடக்கும் கிறிஸ்துமஸ் குடில் போட்டிக்குப் பெரிதாகக் கட்டுவதால் மாமியாரின் அறை தேவைப்பட்டது. அவர்களைப் புத்தாண்டு வரை கொழுந்தனார் வீட்டில் விட்டிருக்கிறோம்; அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கோ குடிலில் இருக்கும் ஆர்வம் செபத்தில் இல்லை. திருவருகைக் காலத்தின் உண்மையான பொருள் என்ன? நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி,

செபத்தில் வறட்சி என்பது புனிதர்களுக்கும் நேர்ந்ததுதான் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதை உங்கள் பங்குத்தந்தையே சொல்லியிருப்பார். நான் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் மாமியாரின் அறையைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

‘அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை’ என்கிறீர்கள். மகன் வீட்டை அண்டி வாழும் வயதான தாய் என்ன சொல்வார்? பேரப்பிள்ளைகளின் ஆசைக்குக் குறுக்கே நின்றவள் என்ற பெயர் வந்துவிடுமோ என்று அஞ்சி, சேலைகளையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது நீங்கள். பெரியவர்கள் ‘ஒன்றும் சொல்லவில்லை’ என்னும் இந்த வரியை எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டோம் என்று எழுதியவர்கள் மிகச் சிலரே. இதில் உங்களை மட்டும் கடிந்துகொள்வதும் நியாயமில்லை. பெற்ற மகனாகிய உங்கள் கணவர் கடிதத்தில் எங்குமே இல்லை. தாயின் கட்டிலைப் பரணில் ஏற்றியது யார் என்பதை நான் ஊகித்துக்கொள்கிறேன்.

பொருள் கேட்டீர்கள், சொல்கிறேன். ‘அத்வெந்துஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்கு வருகை என்று பொருள். நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரை எந்த நாள் ஞாயிறாக அமைகிறதோ அன்று இக்காலம் தொடங்குகிறது. அதிலிருந்து கிறிஸ்துமசுக்கு முன் நான்கு ஞாயிறுகள். டிசம்பர் 16 வரை திருவழிபாடு பெரும்பாலும் பேசுவது உலக முடிவில் நிகழும் ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பற்றித்தான். 17ஆம் தேதியிலிருந்துதான் அது பெத்லகேமை நோக்கி முழுமையாகத் திரும்புகிறது. அதனால்தான் முதல் ஞாயிறின் நற்செய்தியில் இடையர்களும் இல்லை, விண்மீனும் இல்லை. ‘விழிப்பாயிருங்கள்’ என்ற எச்சரிக்கைதான் இருக்கிறது. தவக்காலத்தைப் போலவே குருவானவர் ஊதா உடை அணிவதும், ஞாயிறு திருப்பலியில் ‘வானவர் கீதம்’ என்ற புகழ்ப்பாடலைப் பாடாமல் விடுவதும் அதனால்தான். வரப்போகிறவர் கணக்குக் கேட்பவர். அந்தக் கணக்கில், தங்க இடம் இல்லாதவரை ஏற்றுக்கொண்டாயா என்ற கேள்வி உண்டு, குடிலின் உயரம் எத்தனை அடி என்ற கேள்வி இல்லை.

உங்கள் மேசையில் இருக்கும் வளையம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? 1839இல், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய விகெர்ன் என்ற லூத்தரன் இறைப்பணியாளர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த அந்தப் பிள்ளைகளுக்கு நாள் எண்ணக் கற்றுக்கொடுப்பதற்காக, ஒரு வண்டிச் சக்கரத்தின் மேல் ஞாயிறுகளுக்கு 4 பெரிய வெள்ளைத் திரிகளையும் வாரநாட்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகளையும் ஏற்றிவைத்தார். வீடில்லாதவர்களுக்காகப் பிறந்த வளையத்தை, வீட்டில் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு மேசையில் வைத்திருக்கிறீர்கள்.

குடிலை நான் குறை சொல்லவில்லை. 1223இல் கிரேச்சோ என்ற இத்தாலியச் சிற்றூரில் அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலுக்கு வைக்கோலும் ஓர் எருதும் ஒரு கழுதையும் போதுமானவையாக இருந்தன. யாருடைய அறையையும் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை. மரியாவுக்கும் யோசேப்புக்கும் விடுதியில் இடம் கிடைக்காத கதையைக் காட்டத்தானே குடில் கட்டுகிறீர்கள்? பிள்ளைகளுக்குச் செபத்தில் ஆர்வமில்லை என்று வருந்துகிறீர்கள். பாட்டி போனதையும் அதே இடத்தில் குடிலின் மலை எழும்பியதையும் அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். மெழுகுதிரி முன்னால் நீங்கள் வாசிக்கும் எதுவும் அதற்குமேல் அவர்கள் காதில் ஏறாது.

இன்னும் என்ன செய்ய வேண்டும் என்ற உங்கள் கேள்வியைத்தான் மக்கள் திருமுழுக்கு யோவானிடமும் கேட்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார். இன்னும் உருக்கமாகச் செபியுங்கள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவர் ஒன்றை இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்றார். வரி தண்டுவோரிடம் குறித்த தொகைக்கு மேல் வாங்காதீர்கள் என்றார். படைவீரரிடம் யாரையும் அச்சுறுத்திப் பணம் பறிக்காதீர்கள் என்றார். அவரவர் கையிலிருக்கும் தவற்றைத்தான் ஒவ்வொருவருக்கும் சுட்டிக்காட்டினார். உங்கள் கையில் இருப்பது ஓர் அறை.

அடுத்த மெழுகுதிரியை ஏற்றுவதற்கு முன்பாக, கணவரும் நீங்களும் சேர்ந்தே கொழுந்தனார் வீட்டுக்குப் போங்கள். ‘குடில் வேலை முடிந்தது, அதனால் வாருங்கள்’ என்று சமாளிக்காமல், செய்தது தவறு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள். கூடத்தின் மூலையில் ஒரு சிறு குடில் போதும். குழந்தை இயேசுவின் சுரூபத்தை 24ஆம் தேதி இரவு வரை குடிலில் வைப்பதில்லை அல்லவா? அதுவரை மாமியார் அதைத் தம் அலமாரியில் வைத்திருந்து, அன்று இரவு தம் கையாலேயே எடுத்து வைக்கட்டும். பரணில் இருக்கும் கட்டிலை உங்கள் கணவரே இறக்கட்டும்.