ஆங்கிலத்தில் இருக்கும் செவிச் செயலாக்கச் சோதனைகளைத் தமிழில் மொழிபெயர்த்தால் போதாதா? எதற்குப் புதிதாக உருவாக்க வேண்டும்?

போதாது. ஒன்று முதல் பத்து வரை எண்களைத் தமிழில் பதிவு செய்து, ஆங்கிலச் சோதனையின் வரிசையிலேயே கோத்துவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் ஓர் ஒலிப்பதிவு கிடைக்கும், அளவுகோல் கிடைக்காது.

இந்தச் சோதனை யாருக்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோமீட்டரில் காது சரியாக இருக்கும். 'பீப்' ஒலி எல்லாம் கேட்கும். ஆனால் வகுப்பறைச் சத்தத்தில் டீச்சர் சொல்வது பிடிபடாது, இரண்டு பேர் சேர்ந்து பேசினால் குழம்பும். காதுக்கும் மூளைக்கும் இடையில் ஒலி கையாளப்படும் விதத்தில் உள்ள இந்தக் கோளாறைப் பிடிக்க, பேச்சையே வேண்டுமென்று சிக்கலாக்கிக் கொடுக்கிறோம். 1954-இல் இத்தாலியில் போக்காவும் உடன் பணியாற்றியவர்களும் சில அலைகளை நீக்கி வடிகட்டிய பேச்சைக் கொண்டு மூளையின் பொட்டுமடல் (நெற்றிப்பொட்டை ஒட்டிய பகுதி) கட்டிகளை ஆராய்ந்ததிலிருந்து அடிப்படை இதுதான். சிக்கல் ஒலியில் மட்டும் இருக்க வேண்டும். மொழியில் துளிகூட இருக்கக் கூடாது. சொல் தெரியாததால் குழந்தை தவறவிட்டால், அது காதைப் பற்றி எதையும் சொல்லாது.

எண்களையே எடுத்துக்கொள்வோம். இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களைக் கொடுத்து, கேட்டதைத் திரும்பச் சொல்லச் சொல்வது டைகாட்டிக் சோதனை. 1961-இல் ஆய்வாளர் டொரீன் கிமுரா இதைக் கொண்டுதான் வலது காதுக்கு உள்ள முன்னுரிமையைக் காட்டினார். 1983-இல் ஃபிராங்க் மியூசிக் (Musiek) என்ற செவியியலாளர் அமைத்த ஆங்கில வடிவம் இன்றும் பரவலாகப் புழங்குகிறது. அதில் ஒன்று முதல் பத்து வரை உண்டு, ஏழு மட்டும் கிடையாது. மற்ற எண்களெல்லாம் ஓரசை, 'செவன்' ஈரசை (யாப்பின் அசை அல்ல, ஓர் உயிரொலி கொண்ட 'சிலபிள்'). நீளத்தை வைத்தே ஊகித்துவிடலாம் என்பதால் விட்டுவிட்டார்கள். அந்தப் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்தால் தமிழில் காரணமே இல்லாமல் ஏழை விலக்கி, விலக்க வேண்டிய ஒன்பதைச் சேர்த்துக்கொள்வோம்.

தமிழில் முதல் முடிவு எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்பது. 'இரண்டு' மூன்று அசை, 'நான்கு' இரண்டு அசை. அதோடு 'ஐந்து', 'நான்கு' என்று சொல்லிக் கடையில் யாரும் சில்லறை எண்ணுவதில்லை. பேச்சுத் தமிழைத் தயங்காமல் எடுங்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, பத்து என இந்த ஒன்பது சொற்களும் ஈரசை. 'ஒம்போது' மட்டும் மூன்றசை. அதை எடுத்துவிட்டால் அழகான ஒரு தொகுதி கையில் இருக்கிறது. நம் மொழி தானாகவே கொடுத்த வசதி இது.

ஆனால் இதற்குள் ஒரு பொறி உண்டு. ஒன்பது சொல்லும் உகரத்தில் முடிகின்றன, பேச்சில் அந்த உகரம் தேய்ந்தே ஒலிக்கும். ஆக இரண்டாவது உயிர் எந்தத் தகவலையும் தருவதில்லை. எண்ணை அடையாளம் காட்டுவது முதல் அசையும் நடு மெய்யும்தான். நாலு, ஆறு இரண்டிலும் ஆகாரம். இரைச்சலில் தொடக்க நகரம் மறைந்தால் லகரமும் றகரமும்தான் பிரித்துக் காட்ட வேண்டும். ரெண்டு – எட்டு குழப்பும் ஒரு ஜோடி, எட்டு – ஏழு இன்னொன்று. ஏழை 'ஏளு' என்பவர்கள் உண்டே என்ற கவலை வேண்டாம். இந்த ஒன்பதுக்குள் அதோடு மோதும் வேறு சொல் இல்லை. யாழ்ப்பாணத் தமிழில் கதை வேறு. அங்கே ஒண்டு, ரெண்டு, மூண்டு. மூன்றும் ஒரே வால் கொண்டவை. சென்னையில் பதிவு செய்ததை யாழ்ப்பாணத்தில் போட்டுப் பார்த்து 'குறை' என்று எழுதினால் அது பெரிய தவறு. அங்கே தனிப் பதிவும் தனி அளவீடும் வேண்டும்.

அடுத்தது பழக்கம். நகரத்து ஆங்கிலவழிக் குழந்தைகள் பலர் போன் நம்பரை 'நைன் எய்ட் ஃபோர்' என்றே சொல்வார்கள். அவர்களுக்குத் தமிழ் எண் ஒரு நொடி தாமதமாகத்தான் வரும். அந்தத் தாமதம் மதிப்பெண்ணைக் குறைக்கும். எனவே சோதனைக்கு முன் ஒவ்வொரு காதிலும் ஒன்பது எண்களையும் அமைதியில் தனித்தனியாகக் கொடுங்கள். ஒன்பதுக்கு ஒன்பது வர வேண்டும், தயங்காமல் வர வேண்டும். வராத குழந்தைக்கு இந்தச் சோதனையை வைக்காதீர்கள். அஞ்சு என்று கேட்டு 'ஃபைவ்' என்று சொன்னால் சரி என்றே போடலாம், கேட்டது சரிதானே.

பதிவுக்கு வருவோம். ஒலித்தடுப்பு அறை, 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். எண்களை வரிசையாக வாசிக்க விட்டால் கடைசி எண்ணில் குரல் இறங்கும். அதனால் ஒவ்வொன்றையும் எண் மட்டும் மாறும் ஒரே தாங்கு வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்ல வைத்து, ஐந்தாறு தடவை பதிந்து, நடுத்தரமான ஒன்றை வெட்டி எடுங்கள். எடுக்கும் எண் உயிரில் தொடங்கும் சொல்லோடு ஒட்டக் கூடாது. 'நாலு எட்டு' என்பது சேர்த்துச் சொன்னால் 'நாலெட்டு' ஆகிவிடும், உகரம் ஓடிவிடும். வாய்ப்பாட்டில் நாலெட்டு முப்பத்திரண்டு என்று சொல்லிப் பழகிய காதுக்கு அது வேறு பொருளும் தரும். ஆகவே ஒவ்வொரு எண்ணும் உகரம் ஓடிவிடாமல், அடுத்த சொல்லோடு ஒட்டாமல் பதியப்பட வேண்டும், கோக்கும்போது நடுவில் 200 மில்லிநொடி அளவு இடைவெளி வேண்டும். பதிவுக் கருவியில் சத்தம் குறைக்கும் வசதி எதையும் போடாதீர்கள். எட்டு, பத்து, இவற்றின் நடுவில் நாக்கு அடைத்து நிற்கும் மௌனத்தை அது அலங்கோலமாக்கும்.

அந்த மௌனம் இன்னொரு இடத்திலும் காலை வாரும். எல்லா எண்களையும் ஒரே ஆர்.எம்.எஸ். (சராசரி ஒலிவலு) அளவுக்குக் கொண்டுவருவது வழக்கம். 'எட்டு' என்பதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மௌனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மௌனத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் சராசரி சுமார் 1.8 டெசிபல் குறைவாக வரும். மென்பொருள் அதை ஈடுகட்ட 1.8 டெசிபல் ஏற்றிவிடும். விளைவு, எட்டும் பத்தும் உயிரோசையில் ஏழையும் ஆறையும் விட உரத்துக் கேட்கும். ஆங்கில எண்களுக்கு எழுதப்பட்ட வழிமுறையை அப்படியே பின்பற்றுபவர்களுக்கு இது கண்ணில் படாது. மௌனத்தை ஒதுக்கிவிட்டு ஒலிக்கும் பகுதியை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள். பிறகு காதால் கேட்டுச் சரிபாருங்கள்.

டைகாட்டிக் ஜோடிகளில் இரண்டு எண்ணும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிய வேண்டும். சுருதியை மாற்றாமல் நீளத்தைப் பத்து சதவீதத்துக்குள் நீட்டலாம், குறைக்கலாம். அதற்கு மேல் போனால் குரல் இயந்திரம்போல் ஆகும். ஒன்பது எண்களில் 36 ஜோடிகள் அமையும். ஒரு தடவைக்கு இரண்டு ஜோடி, அதாவது காதுக்கு இரண்டு எண் என்றால் 18 உருப்படிகள். ஒவ்வொரு எண்ணும் எட்டு ஜோடியில் வரும். அதில் நாலு ஜோடியில் அதை இடக் காதுக்கும் மற்ற நாலில் வலக் காதுக்கும் கொடுத்தால் காதுக்கு 36 மதிப்பெண். இரண்டாம் பட்டியலுக்குப் புதிதாக எதுவும் செய்ய வேண்டாம், இடம் வலம் மாற்றினால் போதும். இந்தக் கண்ணாடிப் பட்டியல் மிக முக்கியம். இடக் காதில் எட்டு, வலக் காதில் ஏழு வரும்போது, எட்டின் மௌன இடைவெளியில் ஏழு தெளிவாகப் புகுந்து கேட்கும். அந்தச் சலுகை ஒரே காதுக்குப் போகாமல் இருப்பது இரண்டு பட்டியலையும் வைத்தால்தான். நாலு – ஆறு போன்ற ஜோடிகள் கலந்து ஒரே சொல்லாகக் கேட்கிறதா என்று முன்னோட்டத்தில் பாருங்கள். கேட்டால் அந்த ஜோடியைத் தூக்கிவிடுங்கள்.

ஒலிக்கும் கருவியில் நடக்கும் பிழைகள் எளியவை, ஆனால் எல்லாவற்றையும் கெடுக்கும். போனில் 'மோனோ' அமைப்பு போட்டிருந்தால் இரண்டு காதிலும் ஒரே கலவை வரும். சுருக்கிய எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பே வேண்டும். புளூடூத் வேண்டாம். ஹெட்ஃபோனை மாற்றி மாட்டுவது அடிக்கடி நடப்பது. கோப்பின் தொடக்கத்தில் 'இது வலது காது' என்று வலப்பக்கம் மட்டும் ஒரு குரல் வைத்துவிடுங்கள். எண்களின் அதே ஆர்.எம்.எஸ். அளவில் 1000 ஹெர்ட்ஸ் ஒலியொன்றும் வேண்டும். ஆடியோமீட்டரின் முள்ளைச் சுழியத்தில் நிறுத்த அதுதான் ஆதாரம். பொதுவாக அந்தந்தக் காதின் த்ரெஷோல்டுக்கு (பேச்சு பிடிபடத் தொடங்கும் அளவுக்கு) மேல் 50 டெசிபலில் கொடுப்பார்கள்.

இரைச்சலில் எண் சோதனை இதற்குப் பக்கத்து வீடு. நெதர்லாந்தில் காஸ் ஸ்மிட்ஸ் தொலைபேசிக்காக உருவாக்கியது. பிறகு பல மொழிகளுக்குப் போனது. மூன்று எண்ணை இரைச்சலோடு கொடுத்து, மூன்றும் சரியென்றால் பேச்சை 2 டெசிபல் குறைத்து, ஒன்று தவறினாலும் 2 டெசிபல் கூட்டி, 23 தொகுதிகள் வரை போவார்கள். இறுதியில் கிடைப்பது பாதி தடவை மூன்றும் சரியாக வரும் இடம். மூன்றும் சரியாக வர 50 சதவீதம் என்றால், தனி எண் ஒவ்வொன்றும் சுமார் 79 சதவீதம் சரியாகக் கேட்கிறது என்று பொருள்.

இதில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் உயிர்நாடி. கடையில் கிடைக்கும் வெள்ளை இரைச்சல் ஆகாது. உங்கள் பதிவுகளையே பல நூறு தடவை, வெவ்வேறு தொடக்கங்களில் ஒன்றன்மேல் ஒன்று போட்டால் அதே குரலின் அலைவரிசைப் பரவலோடு இரைச்சல் கிடைக்கும். நெடுநேரப் பேச்சுப் பரவல் மொழிக்கு மொழி பெரிதாக மாறுவதில்லை என்று 1994-இல் பல மொழிகளை அளந்து (சிங்களமும் அதில் ஒன்று) காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே பதிந்த குரலுக்கே இரைச்சல் செய்ய வேண்டும்.

பிறகு எண்களைச் சமன் செய்வது. 18 முதல் 30 வயதுக்குள், காது நன்றாக உள்ள பதினைந்து இருபது பேருக்கு, ஒவ்வொரு எண்ணையும் குறைந்தது ஐந்து இரைச்சல் அளவுகளில் கொடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் 50 சதவீதப் புள்ளி எங்கே விழுகிறது என்று வளைவு வரைந்து, கடினமானதைக் கொஞ்சம் ஏற்றி, எளியதை இறக்குங்கள். 3 டெசிபலுக்கு மேல் திருத்த வேண்டி வந்தால் அந்தப் பதிவைத் தள்ளிவிட்டு மறுபடி பதியுங்கள். அவ்வளவு ஏற்றி இறக்கினால் அது செயற்கையாகத் தெரியும். சமன் செய்த பிறகு வேறு ஆட்களை வைத்துச் சரிபார்க்க வேண்டும், அதே ஆட்கள் கூடாது. பலர் நேரம் போதாமல் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். அதனால்தான் பட்டியல் ஒன்றும் பட்டியல் இரண்டும் வேறு வேறு விடை தருகின்றன.

வாக்கியங்களில் இறங்குவதானால் இன்னும் கவனம் தேவை. ஹாகர்மன் 1982-இல் ஸ்வீடிஷ் மொழியில் செய்த அமைப்பில் ஐந்து இடம், இடத்துக்குப் பத்துச் சொல், ஆக ஒரு லட்சம் வாக்கியம். தமிழில் 'குமார் அஞ்சு பெரிய பெட்டி வாங்குனான்' என்று வினை கடைசியில் வரும்படி வரிசையை மாற்ற வேண்டும். வினையின் முடிவு ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும். பெயரைப் பாதி ஊகித்துவிடலாம். பத்துப் பெயரும் பெண் பெயராகவே வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. தாழ்ந்த அலைகளை மட்டும் விட்டு வடிகட்டிய பேச்சு பற்றி ஒரே வரி: 1000 ஹெர்ட்ஸில் வெட்டினால் டகரத்தையும் தகரத்தையும் பிரிக்கும் மேல் அலைகள் போய்விடும், ஆங்கிலத்தின் வெட்டு எல்லையை நம் மொழிக்கு இரவல் வாங்க முடியாது.

இயல்பு அளவும் இரவல் ஆகாது. ஆங்கில டைகாட்டிக்கில் பெரியவர்களுக்கு 90 சதவீதம் எல்லை என்பார்கள். தமிழ்ப் பட்டியலுக்கு அது பொருந்தும் என்று எந்த ஆதாரமும் இல்லாமல் எழுதக் கூடாது. ஏழு வயது முதல் பன்னிரண்டு வரை ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனி அளவு தேவை. இடக் காதின் மதிப்பெண் அந்த வயதுகளில்தான் ஏறுகிறது. வயதுக்கு 30 குழந்தைகள் போதும் என்பார்கள். கடைசி 2.5 சதவீத எல்லையைக் கண்டுபிடிக்க அது போதாது, 30-இல் 2.5 சதவீதம் ஒரு குழந்தைகூட இல்லை. பலரின் மதிப்பெண் முழு மதிப்பெண்ணை ஒட்டி மேல்முட்டி நிற்பதால் சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலகல் கழிப்பதும் தவறான எல்லை தரும்.

இவ்வளவு உழைப்புக்கும் வசதி இல்லாத இடத்தில், வித்தியாச மதிப்பெண்ணில் தொடங்கலாம் என்பது என் கருத்து. அதே எண்களை முதலில் இரண்டு காதிலும் ஒன்றாகக் கொடுத்து நினைவில் வைக்கச் சொல்லுங்கள், பிறகு டைகாட்டிக்காகக் கொடுங்கள். நினைவும் கவனமும் எண் பழக்கமும் இரண்டிலும் பொதுவானவை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அவற்றின் பங்கு பெரும்பாலும் போய்விடும். ஆஸ்திரேலியாவில் ஷாரன் கேமரனும் ஹார்வி டில்லனும் குறுக்கீட்டுப் பேச்சை முன்னாலும் பக்கவாட்டிலும் வைத்து வித்தியாசம் பார்த்ததன் பின்னால் இதே எண்ணம் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு அந்தக் குழந்தையே ஒப்பீடு.