பட்டாளக் கேசு: பாளையங்கோட்டை அண்ணாச்சியிடம் கேட்டவை

(தரைப்படையில் சட்ட வேலை பார்க்கும் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர்.)

அம்பாசமுத்திரம்: லீவில் வந்த தம்பி 40 நாளாகத் திரும்பவில்லை. ஓடிப்போனவன் கணக்கில் சேர்த்துவிடுவார்களா?

30 நாள் தாண்டினால் என்கொயரி வைத்துப் பதிவு செய்வார்கள். ஆனால் நாள்கணக்கு மட்டும் போதாது. திரும்பும் எண்ணம் இல்லாவிட்டால்தான் ராணுவச் சட்டத்தின் 38ஆவது பிரிவு, அதாவது ஓடிப்போன குற்றம். லீவு முடிந்தும் வராததற்கு 39ஆவது பிரிவு, அதிகபட்சம் 3 வருஷச் சிறை. ஆஸ்பத்திரிச் சீட்டு, யூனிட்டுக்குப் போட்ட கடிதம் எல்லாம் எடுத்துக்கொண்டு இன்றைக்கே ரயிலேறச் சொல்லுங்கள். போலீஸ் வந்து கூட்டிப்போகும்வரை காத்திருக்க வேண்டாம். அங்கே போய் எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

நாங்குநேரி: ஸ்டோர் சாமான் குறைகிறதாம். மகனைச் சாட்சி என்றுதான் கூப்பிட்டார்கள். இப்போது பேச்சு அவன் பக்கம் திரும்புகிறது.

ராணுவ விதிகளில் விதி 180. அவன் பெயருக்குக் களங்கம் வரும் என்றால் விசாரணை முழுக்க உட்கார வைக்க வேண்டும், சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்க விட வேண்டும். எழுத்தில் கேட்கட்டும். கையெழுத்து விஷயம் மேலே சொன்னதுதான்.

சங்கரன்கோவில்: மச்சானுக்குச் சம்மரி கோர்ட் மார்ஷல் (சுருக்கமாக நடத்தும் ராணுவ நீதிமன்ற விசாரணை). வக்கீல் கூடாதாமே?

கூடும். விதி 129. ஆனால் அவர் வாய் திறக்கக் கூடாது.

களக்காடு: 17 வருஷம் சர்வீஸ் போட்டவன் நான். ஒரு வக்கீலும் வந்ததில்லை.

நீர் பார்க்காததெல்லாம் விதியில் இல்லை என்றாகிவிடுமா வே?

களக்காடு: பேசாத வக்கீல் எதற்கு அண்ணாச்சி?

எந்தக் கேள்வி கேட்க வேண்டும் என்று காதில் சொல்ல. சம்மரியில் யூனிட்டின் தலைமை அதிகாரியான கமாண்டிங் ஆபீசரே கோர்ட். ரஞ்சித் தாக்கூர் வழக்கு தெரியுமா? தன் அதிகாரியைப் பற்றி மேலிடத்துக்குப் புகார் எழுதிய சிப்பாய் அவர். தண்டனையில் இருந்தபோது சாப்பிடச் சொன்னார்கள், மறுத்தார். அதற்கு ஒரு வருஷச் சிறை, வேலையும் போச்சு. விசாரித்தவர்களில் அந்த அதிகாரியும் ஒருவர்! 1987இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாரபட்சம், தண்டனையும் அளவுக்கு மீறியது. பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் அங்கேயே ஆட்சேபித்திருக்கலாம்.

வள்ளியூர்: லீவு முடிந்து 35 நாள்...

அம்பாசமுத்திரத்துக்குச் சொன்னதை வாசியுங்கள்.

தென்காசி: அண்ணன் பட்டாளத்தில். வரப்புத் தகராறு.

அதற்கு நான் ஆளில்லை.

விக்கிரமசிங்கபுரம்: குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டான். டிஸ்மிஸ்.

இதைத்தானே காலையிலிருந்து கத்துகிறேன்! சரி. ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று அவனுக்கு விளக்கியிருக்க வேண்டும், விதி 115. 164ஆவது பிரிவில் மனு, அப்புறம் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். முதலில் நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதைப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.