அசிசிக்கு ஒரு பகல் போதாது

அன்புள்ள ஐயா,

வரும் மே கடைசியில் அம்மாவோடு இத்தாலி போகிறேன். அம்மாவுக்குப் புனித பிரான்சிஸ் அசிசியார் என்றால் உயிர். ரோமிலிருந்து காலையில் ரயிலேறி, அசிசி பேராலயத்தைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம் என்று திட்டம். போதுமா? இன்னொன்று, கேட்கத் தயக்கமாக இருக்கிறது. காசைக் கையால் தொடாமல் வாழ்ந்தவருக்கு இவ்வளவு பெரிய கோயில் எதற்கு? படத்தில் பார்க்கும்போதே மனம் ஒட்டவில்லை.

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

போதாது. இரண்டு இரவாவது தங்குங்கள். பேராலயத்தில் இருப்பது அவருடைய கல்லறை. அவர் வாழ்ந்து பழகிய இடங்களோ பெரும்பாலும் ஊர் மதிலுக்கு வெளியே இருக்கின்றன. துணி வியாபாரியின் மகனாக மதிலுக்குள் செல்லமாக வளர்ந்தவர், வெளியே போய்த்தான் துறவியானார். சுற்றியுள்ள தோப்பையும் காட்டையும் விட்டுவிட்டால் அவரைப் பாதிதான் பார்த்ததாக ஆகும்.

ரயில் நிலையம் மலைமேல் இல்லை. கீழே சமவெளியில், சாந்தா மரியா தெலி ஆஞ்செலி என்ற ஊரில் இருக்கிறது. இறங்கியதும் எல்லோரும் மேலே போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். நடக்கிற தூரத்தில் ஒரு பெரிய கோயில், அதன் கூரைக்கடியில் முழுசாக ஒரு சின்னக் கல் கோயில் நிற்கும். அதுதான் போர்சியுங்குலா, பிரான்சிஸ் தன் கையால் பழுதுபார்த்தது. தன்னை வெறும் தரையில் கிடத்தச் சொல்லி, 1226 அக்டோபர் 3 மாலை அவர் உயிர்விட்டதும் இதன் பக்கத்தில்தான். அம்மாவை அங்கே கொஞ்ச நேரம் உட்கார விடுங்கள்.

அப்புறம் சான் தமியானோ. ஊரின் போர்த்தா நுவோவா வாசலிலிருந்து ஒலிவத் தோப்புகளுக்கு நடுவே கால் மணி நேர இறக்கம். பிரான்சிஸைப் பின்பற்றித் துறவியான புனித கிளாரா 1253இல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த மடம். சாப்பாட்டு அறையில் சுவரை ஒட்டி, கறுத்துத் தேய்ந்த பழைய மரமேசைகள். கிளாரா உட்கார்ந்த இடத்தில் பூ வைத்திருப்பார்கள். பிரான்சிஸின் 'சூரியனின் கீதம்' என்ற பாடல் பிறந்ததும் இங்கேதான் என்பார்கள், 1225 வாக்கில். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது, வெளிச்சம் பட்டாலே வலி. அந்த நிலையில் சூரியனைச் சகோதரன் என்றும் தண்ணீரைச் சகோதரி என்றும் கூப்பிட்டு, லத்தீனை விட்டு ஊர்ப் பேச்சில் பாடியிருக்கிறார். எனக்கு அசிசி என்றால் முதலில் இந்த இடம்தான். திரும்பி வருவது நல்ல ஏற்றம், அம்மாவுக்கு டாக்ஸி சொல்லிவிடுங்கள்.

சுபாசியோ மலையில் நான்கு கிலோமீட்டர் மேலே கார்ச்செரி. பிரான்சிஸும் தோழர்களும் ஜெபிக்க ஒதுங்கிய குகைகள். சில வாசல்களில் உடம்பை மடக்கிக் குனிந்தால்தான் நுழைய முடியும். இரும்புக் கம்பிகள் தாங்கிப் பிடிக்கும் ஒரு கிழட்டு ஓக் மரமும் உண்டு.

உங்கள் இரண்டாவது கேள்விக்குத் தயங்கவே வேண்டாம், பிரான்சிஸின் தோழர்களுக்கே அந்த உறுத்தல் இருந்தது. 1228 ஜூலையில் அவரைப் புனிதராக அறிவித்த போப் ஒன்பதாம் கிரகோரி, மறுநாளே பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். வேலையை நடத்திய, பிரான்சிஸ் சபைத் துறவி சகோதரர் எலியாஸ் காணிக்கைக்காக ஒரு பளிங்குப் பாத்திரம் வைத்ததாகவும், பிரான்சிஸின் நெருங்கிய தோழர் லியோ அதை உடைத்துப் போட்டதாகவும் சபையில் ஒரு பழங்கதை உண்டு. என் மனம் லியோ பக்கம்தான். ஆனாலும் உள்ளே போங்கள். பேராலயம் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கோயில்கள்; மேல் கோயிலில் பிரான்சிஸின் வாழ்க்கை 28 சுவரோவியங்களாக ஓடுகிறது. இத்தாலிய ஓவியர் ஜோத்தோ வரைந்தவை என்று பொதுவாகச் சொல்வார்கள், அறிஞர்களின் சண்டை இன்னும் ஓயவில்லை. 1997 செப்டம்பர் 26 நிலநடுக்கத்தில் இதன் விதானம் இடிந்து நால்வர் இறந்தார்கள். 1999இல் கோயிலைத் திறந்த பிறகும், நொறுங்கிய ஓவியத் துண்டுகளைப் பொருத்தும் வேலை நடந்தது. அண்ணாந்து பார்த்தால் நிரப்பாமல் விட்ட திட்டுகள் தெரியும். அவ்வளவு பொறுமையை அங்கே பார்த்த பிறகு, அந்தக் கோயிலை வெறும் ஆடம்பரம் என்று தள்ள எனக்கு வாய் வரவில்லை.

நேரமிருந்தால் ரயிலில் பக்கத்து ஸ்பெல்லோவுக்கும் போங்கள். கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவுக்கு முந்தின ராத்திரி முழுக்க ஊரே விழித்திருந்து தெருவெல்லாம் பூவிதழால் ஓவியம் போடும். தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், பெரும்பாலும் ஜூனில் வரும். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால், அந்த வருஷத் தேதியைப் பார்த்துப் பயணத்தை அதற்கேற்பத் தள்ளிப் போடலாம்.