"ஒப்புக்கொடுத்துட்டேன்"னு சொல்றோம், எதை? – கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் ஒரு உபதேசியார். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

காரிமங்கலம்: ஐயா, நாங்க பட்டுப்புழு வளர்க்கிறோம். "கர்த்தர் கையில ஒப்புக்கொடுத்துட்டு நிம்மதியா இரு"ன்னு சபையில சொல்றாங்க. நான் நிம்மதியா உட்கார்ந்துட்டா புழுவுக்குத் தழை யார் போடுறது? ஒப்புக்கொடுக்கிறதுன்னா உண்மையில என்ன செய்யணும்?

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் உங்கள் கைவேலை: புழு வளர்க்கும் மனையைக் கிருமிநாசினி போட்டுக் கழுவுவது, உள்ளே நுழையும்போது கால் நனைப்பது, ஒவ்வொரு தோலுரிப்புக்குப் பிறகும் படுக்கையில் மருந்துத்தூள் தூவுவது, கடைசியான ஐந்தாம் பருவத்துக்குத் தழை கையிருப்பு வைப்பது. புழு தன் ஆயுளில் தின்னும் தழையில் எண்பது சதவீதத்துக்கு மேல் அந்தக் கடைசி ஏழெட்டு நாளில்தான் தின்கிறது. அந்த வாரம் தழை குறைந்தால் அதற்குப் பெயர் விசுவாசச் சோதனை இல்லை, கணக்குத் தப்பு. கூடு அறுத்த பிறகு இரட்டைக்கூடு, கறைக்கூடு, மெலிந்த கூடு எல்லாவற்றையும் பிரித்தெடுப்பதும் இடப்பக்கம்தான்.

வலப்பக்கம்: திடீர் வெயில், பக்கத்து மனையில் வந்த நோய், தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் அன்றைக்கு ஏலம் எங்கே நிற்கும் என்பது. இவற்றில் உங்கள் விரல் படாது. ஒப்புக்கொடுக்க வேண்டியது இந்தப் பக்கத்தை. "குதிரை யுத்தநாளுக்கு ஆயத்தமாக்கப்படும், ஜெயமோ கர்த்தரால் வரும்" என்கிறது நீதிமொழிகள் 21:31. குதிரைக்குப் புல் போடாமல் ஜெயத்தை மட்டும் கேட்பவரும் உண்டு. புல் போட்டுவிட்டு ஜெயத்தையும் தானே உண்டாக்கப் பார்த்து ராத்திரி நாலு தடவை டார்ச் அடித்துக்கொண்டு மனைக்குப் போகிறவரும் உண்டு. நம் ஊர்ப்பக்கம் இரண்டாவது ஆள்தான் அதிகம்.

தாளில் சந்தேகமாக நிற்பதை இடப்பக்கமே எழுதி, செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள். பிறகு ஜெபத்தில் வலப்பக்கத்தைப் பெயர் சொல்லி ஒப்புக்கொடுங்கள்: "ஆண்டவரே, இந்தக் கூட்டுக்குக் கிடைக்கப்போகும் விலையை உம்மிடம் விடுகிறேன்." "எல்லாத்தையும் ஒப்புக்கொடுக்கிறேன்" என்று மொத்தமாகச் சொன்னால் மனசு எதையும் விடாது. எதை விட்டேன் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரியவில்லையென்றால் இன்னும் விடவில்லை என்று அர்த்தம்.

தருமபுரி: ஜெபம் பண்ணி முடிச்ச பத்தாவது நிமிஷமே அதே கவலை திரும்ப வந்துடுது. அப்ப நான் பண்ணினது பொய்யான ஜெபமா?

இல்லை. கவலை திரும்ப வருவது மனசின் இயல்பு. வந்ததும் என்ன செய்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

முதலில், ஜெபத்தில் எதை விட்டுவிட்டீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் முறையீட்டைத்தான் விட்டிருப்பீர்கள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்து நேரே "உம் சித்தம் ஆகட்டும்" என்று முடித்தால், நெஞ்சில் இருந்தது நெஞ்சிலேயே இருக்கும். சங்கீதம் 13-ஐ எடுத்துப் பாருங்கள். மொத்தமே ஆறு வசனம். முதல் இரண்டும் "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிற புகார். அடுத்த இரண்டும் விண்ணப்பம். ஐந்தாம் வசனத்தில்தான் நம்பிக்கை வருகிறது. அதே வரிசையில் ஜெபியுங்கள். புகாரை மரியாதைக்காக மறைக்க வேண்டாம். அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

இரண்டாவது, கவலை திரும்ப வரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் நான் இன்றைக்குச் செய்யக்கூடிய வேலை ஏதாவது இருக்கிறதா?" இருந்தால் எழுந்து செய்யுங்கள், போன் பண்ண வேண்டியவருக்குப் பண்ணுங்கள். இல்லையென்றால், "இதை உம்மிடம் கொடுத்தாகிவிட்டது" என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கைவேலைக்குத் திரும்புங்கள். மறுபடியும் முழு ஜெபம் வேண்டாம். அப்படித் திரும்பத் திரும்ப முழு ஜெபமாகச் செய்வதே சிலருக்கு ஜெபத்தின் பெயரில் நடக்கும் கவலையாகிவிடுகிறது. ஒரு நாளைக்கு முப்பது தடவை அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டியிருக்கலாம். பரவாயில்லை.

பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்த அன்னாளைப் பாருங்கள். ஜெபித்த பிறகு அவள் "புறப்பட்டுப்போய், போஜனஞ்செய்தாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" (1 சாமுவேல் 1:18). பிள்ளை இன்னும் உண்டாகவில்லை, அவளைச் சீண்டும் சக்களத்தி பெனின்னாளும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். மாறியது ஒன்றுதான்: சாப்பிட்டாள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, படபடப்பு என்றால் டாக்டரைப் பாருங்கள். 14416-க்குக் கூப்பிட்டால் மனநல ஆலோசனை இலவசமாகவே கிடைக்கும். இதில் விசுவாசக் குறைவு ஒன்றும் கிடையாது. சாக விரும்பிய எலியாவுக்குக் கர்த்தர் முதலில் கொடுத்தது தூக்கமும் அடையும் தண்ணீரும்தான். பேசியது அதற்குப் பிறகு.

ஊத்தங்கரை: ஊழியக்காரர் ஒருத்தர் ஜெபிச்சு எங்க நிலத்துல போர் போட இடம் காட்டியிருக்கார். ஆயிரம் அடி போனா தண்ணி நிச்சயம்னு சொல்றார். மனைவியோட நகையை அடகு வெச்சுப் போடலாம்னு இருக்கேன். விசுவாசத்துல இறங்கலாமா?

நகையை எடுக்காதீர்கள், அவசரம் வேண்டாம்.

நம் பக்கம் கடும்பாறை. தண்ணீர் பாறை வெடிப்புக்குள் ஓடுகிறது; இருபது அடி தள்ளிப் போட்டால்கூடத் தப்பிப் போகும். ஆழம் போகப் போக வெடிப்பும் குறையும், அடிக்கு ஆகும் கூலியும் ஏறும். ஆகவே முதலில் சுற்றியுள்ள ஐந்தாறு போரைப் பற்றி விசாரியுங்கள்: எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, இப்போது கோடையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எத்தனை போர் காய்ந்துபோனது. அடுத்து வேளாண்மைப் பொறியியல் துறையில் மின்தடை ஆய்வுக்கு (நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தித் தண்ணீர் இருக்கும் இடம் பார்ப்பது) மனு கொடுங்கள்; கட்டணம் குறைவு. அந்த ஆய்வுக்கும் உத்தரவாதம் கிடையாது, ஆனால் குருட்டாம்போக்கில் போடுவதைவிட எவ்வளவோ மேல்.

இதெல்லாம் ஒத்து வந்தால், வண்டி வருவதற்கு முந்தின நாள் நீங்களும் மனைவியும் உட்கார்ந்து அதிகபட்ச அடியையும் அதிகபட்சத் தொகையையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வண்டிக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். பணம் போகிற இடம் எப்போதும் ஒன்றுதான்: எழுநூறு அடியில் புகை மட்டும் பறக்கும்போது "இன்னும் நூறு அடி பார்த்துடலாம் சார்" என்கிற இடம். அந்த நேரத்தில் விசுவாசமும் சூதாட்ட வெறியும் ஒரே குரலில் பேசும். முந்தின நாள் போட்ட கையெழுத்துதான் உங்களைக் காப்பாற்றும். "செல்லுஞ்செலவைக் கணக்கு" பார்க்கச் சொன்னவர் இயேசுவேதான் (லூக்கா 14:28).

ஊழியக்காரர் நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் "நிச்சயம்" என்ற வார்த்தைக்கு அவர் பணம் போடவில்லை, நீங்கள் போடுகிறீர்கள்.

பென்னாகரம்: கடன் வாங்கி விதைக் காணிக்கை கொடுத்தா நூறு மடங்கு வரும்னு சொல்றாங்களே?

கொடுக்காதீர்கள். 2 கொரிந்தியர் 8:12: "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்." வட்டிக்கு வாங்கியது உங்களுக்கு உள்ளது அல்ல.

பர்கூர்: இன்சூரன்ஸ் எடுக்கிறது, சேர்த்து வைக்கிறது எல்லாம் அவிசுவாசமா?

யோசேப்பு எகிப்தில் ஏழு வருஷம் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தான். அதுவும் தேவன் காட்டிய வழிதான். வனாந்தரத்தில் தேவன் தந்த உணவான மன்னாவைச் சேர்த்தவர்களுக்குப் பூச்சி பிடித்ததும் உண்மை. ஆனால் அங்கே "விடியற்காலமட்டும் வைக்கவேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. அதே அதிகாரத்தில் (யாத்திராகமம் 16) ஆறாம் நாளுக்கு இரண்டு மடங்கு எடுக்கச் சொன்னதையும் படியுங்கள். பாலிசி எடுங்கள், பிரீமியத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

சாமனப்பள்ளி பக்கம்: அம்மாவுக்குச் சர்க்கரை. சுகமளிக்கும் கூட்டத்துல ஜெபம் பண்ணினாங்க. அன்னையிலிருந்து மாத்திரையை நிறுத்திட்டாங்க. "மாத்திரை போட்டா கர்த்தரை நம்பலைன்னு ஆயிடும்"னு சொல்றாங்க. எப்படிப் பேசுறது?

இன்றைக்கே பேசுங்கள். சர்க்கரை ஏறுவது பல நாள் உடம்புக்குத் தெரியாது. தெரியும்போது கண்ணோ கால்புண்ணோ சிறுநீரகமோ ஆகியிருக்கும்.

அம்மாவிடம் வாக்குவாதம் பண்ணாமல் லூக்கா 17-ஐப் படித்துக் காட்டுங்கள். பத்துக் குஷ்டரோகிகளைப் பார்த்து இயேசு என்ன சொன்னார்? "நீங்கள் போய், உங்களை ஆசாரியர்களுக்குக் காண்பியுங்கள்." சுகமானதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது அந்தக் காலத்தில் ஆசாரியனின் வேலை. சுகமாக்கியவரே சோதனைக்கு அனுப்புகிறார். "அம்மா, சுகமாயிட்டீங்கன்னா நல்லது, வாங்க காட்டுவோம்" என்று கூட்டிப்போய் எச்பிஏ1சி பாருங்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை அது காட்டும், ஒரு நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. ஆனால் அந்தச் சோதனைக்காக மாதக்கணக்கில் மாத்திரை இல்லாமல் காத்திருக்க விடக்கூடாது. மாத்திரை தொடரட்டும், குறைப்பதா நிறுத்துவதா என்று டாக்டர் சொல்லட்டும்.

மருந்து வாங்கப் போவதுதான் சிரமம் என்றால், மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் கொடுங்கள். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டத்தைத் தொடங்கியதே உங்கள் சாமனப்பள்ளியில்தான்.

ஊர் வேண்டாம்: வீட்டுக்காரர் குடிச்சுட்டு வந்து அடிக்கிறார். சபையில சொன்னேன். "சகிச்சுக்கோ, கர்த்தர் கையில விட்டுடு, அவர் மாத்துவார்"னு சொல்றாங்க. விட்டுட்டுத்தான் இருக்கேன். அடி நிக்கலை.

அம்மா, உங்களுக்குச் சொன்னது தப்பான ஆலோசனை. முதல் பதிலில் சொன்ன தாளில், அவர் மனம் திரும்புவது வலப்பக்கம். அது கர்த்தர் கையில். உங்களையும் பிள்ளைகளையும் அடி படாத இடத்தில் வைப்பது இடப்பக்கம். சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது சகித்துக்கொண்டு நிற்கவில்லை, விலகி அன்று இராத்திரியே தப்பிப்போனான். பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். இவர்கள் விசுவாசம் குறைந்தவர்களா?

பெண்கள் உதவி எண்ணான 181-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் 2005-ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். புகார் எழுத உதவுவது அவருடைய வேலை. காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படி ஏற்பட்டது என்று உள்ளதைச் சொல்லிப் பதிவு பண்ணுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ், இரண்டு ஜோடித் துணி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நம்பிக்கையான வீட்டில் வைத்துவிடுங்கள். கிளம்பப் போவதை அவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

சபை மூப்பர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன்: பிறர் முதுகை நாம் ஒப்புக்கொடுக்க முடியாது.

தேன்கனிக்கோட்டை: பையன் ஓசூர்ல கம்பெனி வேலை, ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை போன் பண்றேன், எடுக்கலைன்னா உசுரே போயிடுது. கர்த்தர் பார்த்துப்பார்னு வாயால சொல்றேன், மனசு கேக்கலை.

ரூம் முகவரி, கூடத் தங்கியிருப்பவர் ஒருவருடைய நம்பர், ஷிப்ட் நேரம் இந்த மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது அம்மாவின் உரிமை. அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு போன், அவன் சொல்லும் நேரத்தில். நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறவனை மூன்று தடவை எழுப்பினால் அவன் போனை அணைத்து வைப்பான். அப்புறம் உங்கள் பயம் இரட்டிக்கும். கெட்ட குமாரனின் தகப்பன் மகன் பின்னால் ஆள் அனுப்பவில்லை, வாசலைத்தான் திறந்து வைத்திருந்தார். போன் பண்ணத் தோன்றும் மற்ற நேரமெல்லாம் அவன் பெயரைச் சொல்லி ஒரு வரி ஜெபம். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

எலத்தகிரி: நாங்க கத்தோலிக்கர். ஜெபமே வறண்டு போச்சு. பங்குல எடுத்திருந்த பொறுப்பை விட்டுடலாமான்னு தோணுது. இது ஆண்டவர் சித்தமா?

புனித இஞ்ஞாசியார் கொடுத்த விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மனம் வறண்டிருக்கும் வேளையில், நல்ல நிலையில் எடுத்த முடிவை மாற்றாதே. இப்போதைக்குப் பொறுப்பை அப்படியே வையுங்கள், ஜெப நேரத்தைக் குறைக்காமல் சற்றே கூட்டுங்கள் என்பதும் அவர் சொன்னதே. வறட்சி நீங்கிய பிறகும் விடத் தோன்றினால் பங்குத்தந்தையிடம் பேசி விடுங்கள். களைப்பு மட்டும்தான் காரணம் என்றால் இரண்டு வாரம் விடுப்பு கேட்டாலே போதும்.

கிருஷ்ணகிரி: ரெண்டு வேலை வந்திருக்கு. சீட்டுப் போட்டு ஜெபிச்சு எடுக்கலாமா? அப்போஸ்தலர்களும் சீட்டுப் போட்டாங்களே.

போட்டார்கள், எப்போது? அப்போஸ்தலர் 1-இல் யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க முதலில் தகுதி வைத்தார்கள்: யோவான் ஞானஸ்நானம் முதல் கூடவே இருந்தவனாக இருக்க வேண்டும். வடிகட்டி இரண்டு பேர் மிஞ்சிய பிறகுதான் சீட்டு. 15-ஆம் அதிகாரத்தில் பெரிய பிரச்சினை வந்தபோது சீட்டே இல்லை. உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். நீங்களும் கைக்கு வரும் சம்பளம், பி.எஃப். பிடிப்பார்களா, நிரந்தரமா ஒப்பந்தமா, பயண நேரம், ஞாயிறு விடுமுறை இதையெல்லாம் விசாரியுங்கள். விசாரித்தால் பெரும்பாலும் சீட்டுக்கு வேலையே இருக்காது. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை எடுப்பதும் இதே கதைதான்.

பாலக்கோடு: கல்யாணமாகி அஞ்சு வருஷம், குழந்தை இல்லை. "இந்த வருஷம் நிச்சயம்"னு வருஷா வருஷம் தீர்க்கதரிசனம் சொல்றாங்க. நம்பி நம்பி உடைஞ்சு போறேன்.

தேதி போட்டுச் சொல்பவர்களிடம் இனி தலையை நீட்ட வேண்டாம், சகோதரி. "ஜெபம் மட்டும் பண்ணுங்க, போதும்" என்று சொல்லிவிடலாம்.

ஒரு வருஷம் முயன்றும் உண்டாகவில்லையென்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தால் ஆறே மாதத்தில். இருவரும் சேர்ந்து போங்கள். நம் ஊரில் பெண்ணை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைக்கழித்துவிட்டு, ஐந்து வருஷம் கழித்துத்தான் கணவருக்கு விந்துப் பரிசோதனை என்று ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பத்திலேயே செய்ய வேண்டிய எளிய சோதனை அது.

ஜெபத்தைப் பொறுத்தவரை, பவுல் தன் சரீரத்தில் இருந்த முள், அதாவது நீங்காத ஒரு பாடு, நீங்க மூன்று தரம் வேண்டினார். நீங்கவில்லை, கிருபை போதும் என்ற பதில் வந்தது. கெத்செமனேயில் ஆண்டவரும் ஒரே வேண்டுதலை மூன்று தரம் கேட்டார். ஆகவே கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. தானியேல் 3-இல் தீச்சூளையில் போடப்படவிருந்த மூன்று வாலிபர்கள் "தப்புவிப்பார்" என்றும் சொல்கிறார்கள், "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொல்கிறார்கள், ஒரே மூச்சில். அந்த இரண்டாவது பாதியைச் சொல்ல இன்றைக்கு வாய் வரவில்லையென்றால் சொல்ல வேண்டாம். அழுகையோடு முதல் பாதியை மட்டும் சொல்லுங்கள்.

மொரப்பூர்: அதிகாலை நாலு மணி ஜெபத்தைத்தான் கர்த்தர் கேப்பாரா? எனக்கு நாலரைக்குப் பால் கறக்கணும்.

"அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும்" முறையிட்டவர் சங்கீதக்காரர் (55:17). கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து உட்காருங்கள். பத்து நிமிஷம் போதும். போனை மட்டும் வேறு அறையில் வைத்துவிடுங்கள்.