சுவிட்சை யார் அணைத்தது?

இந்த வாரக் கேள்விகள் நாலும் வடசென்னையிலிருந்து வந்தவை. எல்லாமே பொருளைப் பற்றிய கேள்வியாகத்தான் தொடங்குகின்றன. கொஞ்சம் படித்தால் மாமியாரோ பக்கத்து வீட்டுக்காரரோ வந்துவிடுகிறார்.

கேள்வி: எனக்கு 46 வயது. ஆறு வருடமாக முடக்குவாதம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. ராத்திரி கட்டிலை விட்டு இறங்கிப் போய் லைட் போடுவதே பெரும்பாடு. அதனால் 12 நாளைக்கு முன் தெருமுனைக் கடையில் நாலு ஸ்மார்ட் பல்பும் ஒரு ஸ்பீக்கரும் வாங்கினேன். 'தமிழ்ல சொன்னா போதும்மா, எரியும்' என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். தமிழில் சொன்னால் ஸ்பீக்கர் மன்னிப்புக் கேட்கிறது, அதுவும் இங்கிலீஷில். மாமியார், 'ஆள் இல்லாத ரூம்ல எதுக்கு சுச்சு போட்டு வெச்சிருக்க' என்று சுவரில் அணைத்துவிடுகிறார். அப்புறம் போனில் எத்தனை தட்டினாலும் பல்ப் எரியாது. நடுராத்திரி கரண்ட் போய் வந்தால் நாலு பல்பும் பளிச்சென்று எரிந்து வீடே எழுந்துகொள்கிறது. 'எழுந்து நடந்தா உடம்புக்கு நல்லதுதானே' என்கிறார் வீட்டுக்காரர். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பில்லில் இருக்கும் அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடவில்லை என்றால் 30 நாளுக்குள் எடுத்துக்கொண்டு பணத்தைத் தரவேண்டும். ஆனால் 'குறையுள்ள' என்ற சொல்லையும் கவனியுங்கள். சுவரில் சுவிட்சை அணைத்தால் பல்ப் அணைந்துபோவது பல்பின் குறை அல்ல. அதைக் கடைக்காரர் தலையில் கட்ட முடியாது.

ஸ்பீக்கர் கதை வேறு. இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லி விற்பதும் அதே சட்டத்தின்கீழ்தான் வருகிறது. அந்த வாய்ஸ் மெசேஜை அழித்துவிடாமல் வேறொரு போனுக்கும் அனுப்பி வையுங்கள். பெட்டி, பில் இரண்டையும் எடுத்துக்கொண்டு கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் கடைக்குப் போய், அவர் குரலை அவருக்கே போட்டுக் காட்டுங்கள். 'வேற மாடல் எடுத்துக்கோங்க' என்பார். வேண்டாம், பணம் கொடுங்கள் என்று கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பல்புக்கு வருவோம். கரண்ட் வந்ததும் எரிவது, கம்பெனி அப்படி அமைத்து அனுப்புவதால். பெரும்பாலான ஆப்களில் ஒவ்வொரு பல்பின் செட்டிங்ஸிலும் 'பவர் ஆன்' அல்லது 'பவர் ரெக்கவரி' என்ற பெயரில் ஒரு வரி இருக்கும். அதில் 'முன்பு இருந்த நிலை' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அணைந்திருந்த பல்ப் அணைந்தே இருக்கும். நாலுக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டும். இன்னொன்று: பல வைஃபை பல்புகளில் சுவிட்சை மூன்று முதல் ஐந்து தடவை போட்டுப் போட்டு அணைத்தால், 'புதிதாக இணைத்துக்கொள்' என்ற அர்த்தத்தில் சிமிட்ட ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் கரண்ட் வந்து வந்து போகும்போது இது தானாகவே நடக்கும். பல்ப் கண் சிமிட்டினால் பேயும் இல்லை, ரிப்பேரும் இல்லை என்று மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அவருடைய கவலை கரண்ட் பில்தானே? கணக்குப் போட்டுக் காட்டுங்கள். சுவிட்ச் போட்டபடி, எரியாமல் காத்திருக்கும் ஸ்மார்ட் பல்ப் ஒன்று சுமார் அரை வாட் எடுக்கும். நாலு பல்புக்கு 2 வாட். 24 மணி நேரமும் 60 நாளும் வைத்தால் 3 யூனிட்டுக்குள். இலவசமாக வரும் யூனிட்டில் அது ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் என் அனுபவத்தில் கணக்கு மட்டும் யார் கையையும் நிறுத்தியதில்லை. நாற்பது வருடமாக ரூமை விட்டு வெளியே வரும்போது சுவிட்சைத் தட்டிப் பழகிய கை அது. அந்தக் கையோடு சண்டை போடுவதைவிட, வீட்டில் யார் சுவிட்சைத் தட்டினாலும் உங்களுக்கு வெளிச்சம் கிடைக்கும்படி செய்வதுதான் வழி.

அதற்கு உங்கள் படுக்கையறைக்கு நான் சொல்வது டூ-வே சுவிட்ச். மாடிப்படியில் கீழே போட்டு மேலே அணைப்போமே, அதுதான். கதவருகே ஒன்று, கட்டிலருகே ஒன்று. ஆப் வேண்டாம், வைஃபை வேண்டாம். கட்டிலருகே வைப்பது அகலமான சுவிட்சாக இருக்கட்டும், விரல் மடங்காவிட்டாலும் கை முட்டியால் தட்டலாம். வாடகை வீடு, சுவரை உடைக்க முடியாது என்றால் ஒயரை வெளியே பட்டியில் ஓட்டச் சொல்லுங்கள். ஸ்மார்ட்டாகத்தான் வேண்டும் என்றால் பல்பை விட்டுவிட்டு, சுவிட்ச் போர்டுக்குள் வைக்கும் ஸ்மார்ட் மாட்யூலைக் கேளுங்கள். அதில் சுவர் சுவிட்சும் வேலை செய்யும், போனும் வேலை செய்யும். ஆனால் பெரும்பாலும் போர்டில் நியூட்ரல் ஒயர் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) வேண்டும். பிளக் பாயிண்ட் உள்ள போர்டில் அது இருக்கும், வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள பழைய போர்டில் இருக்காது. எலக்ட்ரீஷியன் பார்க்கும் முன் வாங்கிவிடாதீர்கள்.

நான் சூடுபட்டதையும் சொல்கிறேன். சில வருடம் முன் போனில் இயங்கும் பிளக் இரண்டு வாங்கினேன். ஒருநாள் ஆப் திறக்கவில்லை. கம்பெனி சர்வரையே மூடிவிட்டது என்று பிறகு தெரிந்தது. நல்லவேளை, பிளக்கின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பட்டன் இருந்தது. இன்றைக்கும் அதை அழுத்தித்தான் மோட்டார் போடுகிறேன். அன்றிலிருந்து எந்த ஸ்மார்ட் பொருளையும் கடையில் வைத்து ஒரே கேள்விதான் கேட்கிறேன்: நெட் இல்லாமல் கையால் போட முடியுமா?

காசு செலவழிக்க மனம் இருந்தால் ரிமோட் உள்ள பிஎல்டிசி ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ளது) வாங்குங்கள். மூட்டு வலிக்காரருக்கு நான் தயங்காமல் சொல்லும் பொருள் அது. ரெகுலேட்டரைத் திருக வேண்டாம். பழைய ஃபேன் 75 வாட் எடுத்தால் இது 30 வாட் அளவில் ஓடும். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். மாமியாரும் உங்கள் கட்சிக்கு வந்துவிடுவார். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், அதன் வழியாகக் கரண்ட் போனால் ஃபேன் உறுமும்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. முடக்குவாதத்துக்கு நடப்பது நல்லதுதான், பகலில், டாக்டர் சொன்ன அளவில். ராத்திரி 2 மணிக்கு இருட்டில் விறைத்த காலோடு சுவரைத் தடவிப் போவதை எந்த டாக்டரும் உடற்பயிற்சிக் கணக்கில் எழுதமாட்டார்.

கேள்வி: காசிமேட்டில் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. இடுப்பு வலி பல வருடமாக உண்டு, சர்க்கரையும் உண்டு. 'ஏழே நாளில் முதுகுத் தேய்மானம் குணம்' என்று போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 9,800 ரூபாய்க்கு ஸ்மார்ட் ஹீட்டிங் பெல்ட் வாங்கினேன். இடது பக்கம் மட்டும் சூடாகிறது, வலது பக்கம் சில்லென்று கிடக்கிறது. இடுப்பில் சிவந்து தழும்பு போல ஆனதை வீட்டில் பார்த்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. கஸ்டமர் கேர் நம்பரை எடுப்பதே இல்லை. கூட வேலை செய்பவர்கள் ஆளுக்கொரு எண்ணெய் சொல்கிறார்கள்.
– வாசகர், ராயபுரம்

பதில்: முதலில் அந்த பெல்ட்டைக் கழற்றி வையுங்கள். சர்க்கரை நாள்பட்டால் தோலில் உணர்ச்சி குறையலாம், சூடு அளவு மீறுவது தெரியாது. தழும்பை டாக்டரிடம் காட்டுங்கள், ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். காட்டும்போது இடுப்பையும் சேர்த்துக் காட்டிவிடுங்கள். கால் மரத்துப்போகிறது, தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி இல்லை, மூத்திரத்தை அடக்க முடியவில்லை என்று எப்போதாவது ஆனால் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். சூடு வைத்தால் தசை கொஞ்ச நேரம் இளகும், அது உண்மை. தேய்ந்த எலும்பை ஏழு நாளில் திருப்பிக் கொண்டுவர எந்த பெல்ட்டாலும் ஆகாது.

இனி பணம். விளம்பரம் இன்னும் போனில் வருகிறதா? வந்தால் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு இருக்காது. பார்சல் கவர், அதில் ஒட்டிய முகவரிச் சீட்டு, பணம் கட்டிய எஸ்.எம்.எஸ்., ஒரு பக்கம் மட்டும் சூடாவதைக் காட்டும் ஒரு நிமிட வீடியோ, தழும்பின் போட்டோ. இவ்வளவும் வேண்டும்.

2020-இல் வந்த மின்-வணிக விதிகளின்படி ஆன்லைனில் விற்பவர் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு எண்ணையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். எனவே போனில் கத்துவதை நிறுத்திவிட்டு மெயில் அனுப்புங்கள். மகனோ மகளோ இருந்தால் பத்து நிமிட வேலை. கூடவே 1915-இல் புகாரைப் பதிந்து எண்ணை எழுதி வையுங்கள். சிறு தொகைகளில் பல கம்பெனிகள் இந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வரவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பெல்ட்டின் விலையோடு, தழும்புக்கான மருத்துவச் செலவையும் நஷ்ட ஈடாகக் கேளுங்கள். பொய் விளம்பரத்துக்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அது அரசுக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. அதற்காகப் புகார் செய்யாமல் விடாதீர்கள். அடுத்த ஆள் ஏமாறாமல் இருப்பார்.

எண்ணெய் விஷயம்: தழும்பு ஆறும்வரை அதன்மேல் எதையும் தடவாதீர்கள், சொல்பவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும்.

கேள்வி: முழங்கால் வலியால் பகலில் வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருப்பேன். எதிர் வீட்டில் புது கேமரா மாட்டியிருக்கிறார்கள், எங்கள் வாசலைப் பார்த்தபடி. ஆபீசிலிருந்து வந்ததும் அந்தப் பெண், 'இன்னிக்கு ஃபுல்லா படுத்தே இருந்தீங்க போல ஆன்ட்டி' என்கிறாள்.
– வாசகி, புளியந்தோப்பு

பதில்: இது நுகர்வோர் கேள்வியே இல்லை. இருந்தாலும் கேமராவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும், அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். இந்த வகைக் கேமரா பலவற்றில், படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி ஆப்பிலேயே உண்டு. அசைவு தெரிந்தால் போனுக்குச் செய்தி போகும் எல்லையையும் சுருக்கலாம். எதிர் வாசலில் நீங்கள் புரண்டு படுக்கும்போதெல்லாம் ஆபீசில் அவள் போன் சிணுங்கிக்கொண்டிருக்கும், பாவம். அதனால் 'என்னை ஏன் பார்க்கிற' என்று தொடங்காமல், 'உனக்கு ஓயாம மெசேஜ் வருதாமே, அதை நிறுத்தலாமாம்' என்று தொடங்குங்கள். பல மாடல்கள் குரலையும் பதிவு செய்யும், ஆகவே அந்தக் கேமராவுக்குக் கீழே நின்று அவளைப் பற்றிப் பேச வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்குக் கை மூட்டு வலி, சாவியைத் திருக முடியவில்லை. மீன் வியாபாரம். கைரேகைப் பூட்டு வாங்கலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: ரேஷன் கடையில் அம்மா கைரேகை வைக்கும்போது எத்தனை தடவை துடைத்துத் துடைத்து வைக்கிறார் என்று பாருங்கள். முதல் தடவையே எடுத்தால் வாங்கலாம். ஐஸிலும் உப்பிலும் ஊறிய விரலில் ரேகை தேய்ந்திருந்தால் வீட்டு வாசலிலும் அதே பாடுதான். அப்படியென்றால் நம்பர் அழுத்தும் வசதியோ கார்டோ உள்ள மாடலைப் பாருங்கள். பழைய மரக் கதவு மழையில் உப்பினால் பூட்டின் நாக்கு உள்ளே போகாது, முதலில் தச்சரைக் கூப்பிட்டுக் கதவைச் சரி செய்யுங்கள். கடற்காற்றில் துருப்பிடித்தால் வாரண்டி பொருந்துமா என்பதை வாரண்டி அட்டையில் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால், சாவித் தலையில் மாட்டும் நீளமான பிடி ஒன்று கிடைக்கிறது, விரலால் திருகாமல் உள்ளங்கையால் திருப்பலாம். அது இல்லாவிட்டால் சாவியின் தலையில் இருக்கும் ஓட்டையில் ஒரு சின்ன இரும்புக் கம்பியைக் கோத்துத் தாருங்கள், அதே வேலையைச் செய்யும். எந்தப் பூட்டு வாங்கினாலும் அவசரத்துக்குச் சாவித் துளை இருக்கட்டும், ஒரு சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கட்டும்.